பரம்பிக்குளம் காட்டில் ஓடிய குட்டி ரயில்

எஞ்சின் இல்லாமலே ஒரு ரயில் மலையிலிருந்து இறங்கிற்று, இறங்குகிற வேகத்திலேயே கீழே நின்றிருந்த இன்னொரு ரயிலை மேலே இழுத்தும் விட்டது என்று சொன்னால், "இதென்ன, விட்டலாசார்யா படக் கதையா?" என்றுதான் கேட்பீர்கள். கதையில்லை சகோதரிகளே, நிஜம்! நம் திருப்பூரிலிருந்து காலையில் டிபன் கட்டிக்கொண்டு கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு காட்டில், 1907-லிருந்து 1963 வரை ஐம்பத்தாறு வருஷம் அந்த ரயில் ஓடியிருக்கிறது. கொச்சி சமஸ்தானத்துக் காட்டு டிராம்வே என்று பெயர். பரம்பிக்குளம் காட்டிலிருந்து தேக்கையும் ஈட்டியையும் ஏற்றிக்கொண்டு, கேரளத்துச் சாலக்குடி வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர் போயிற்று.

ஊட்டி ரயிலைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. இன்றைக்கும் அது ஓடுகிறது. பாட்டுப் பாடி, படம் எடுத்துப் புகழும் சேர்த்துவிட்டார்கள். இந்தக் காட்டு ரயிலைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பரம்பிக்குளம் என்ற பெயர் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்! என் மாமியாருக்குப் பல்லடத்துக்குத் தெற்கே கொஞ்சம் பூமி இருக்கிறது. "பரம்பிக்குளத்துத் தண்ணி எப்ப உடறாங்களாமா?" என்ற கேள்விதான் அவர் பொழுது விடிந்ததும் முதலில் கேட்பது. பி.ஏ.பி. வாய்க்கால் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் தண்ணீர்தான். பல்லடம், காங்கேயம், உடுமலை என்று நம் ஜில்லாவில் பாதி ஊர் சோளத்தையும் தென்னையையும் அதை நம்பித்தான் வைத்திருக்கிறது.

அரைப் பரீட்சை லீவில் எங்கேயாவது போகலாம் என்று பேச்சு வந்தபோது, என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ இந்த ரயில் சமாச்சாரத்தைப் படித்துவிட்டு வந்து சொன்னார். ஒன்பது வயது மகளும் நாலு வயதுப் பையனும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் மாமியாரிடம் கேட்டேன்.

"ஏனுங்கத்தை, நீங்களும் வாரீங்களா?"

"நாற்பது வருசமா அந்தத் தண்ணி பேரச் சொல்லிச் சொல்லி வாயி ஓஞ்சு போச்சு அம்மிணி. அது எங்கிருந்து வருதுன்னு ஒருக்காக் கண்ணுல பாத்துப் போடறேன்."

குழந்தைகளுக்கு ரயில், அத்தைக்குத் தண்ணீர். கிளம்பியாயிற்று!

பல்லடம், பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, அங்கிருந்து மலை ஏறினால் டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் சுமார் 37 கிலோமீட்டர். பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில். இருந்தாலும் ரோடு வழியாக அங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் புகுந்து டாப்சிலிப் தாண்டித்தான் போக வேண்டும். வேடிக்கையைப் பாருங்கள்: அந்தக் காலத்தில் பரம்பிக்குளத்து மரத்துக்கும் இதே கஷ்டம்தான், அதைச் சொந்த ராஜ்யத்தின் வழியாகவே கீழே கொண்டுபோகத்தான் ரயில் போட்டார்கள்.

டாப்சிலிப் என்ற பெயரே மரத்தால் வந்தது. மேலே வெட்டிய மரத்தை மலைச் சரிவில் சறுக்கிவிடுவார்கள். அந்தச் சறுக்குப் பாதையின் உச்சி டாப்சிலிப். வெள்ளைக்காரன் இந்த மலைத் தேக்கைப் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குக் கொண்டுபோனான். ரயில் வந்த பிறகு தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைக்கும் வேண்டியிருந்தது. காடு மொட்டையாகிக்கொண்டே வந்தது. அதே வெள்ளைக்காரர்களில் ஒருவர்தான் அதைத் திரும்ப வளர்க்கவும் முனைந்தவர், ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1915 வாக்கில் வந்தவர். கோட்டுப் பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்தார். அவர் ஆசைப்படியே அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலே சமாதி இருக்கிறது. என் மகள் அங்கே நின்று, "இவரு தாத்தாவாம்மா?" என்றாள். அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் போகாத மரம்

இனி ரயில் கதைக்கு வருவோம்.

பரம்பிக்குளத்தின் தேக்கும் ஈட்டியும் கொச்சி மகாராஜாவுக்குச் சொந்தம். பணமாக்க வேண்டுமானால் கடற்கரைப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஆற்றில் மிதக்க விடலாமே என்று நமக்குத் தோன்றும். பச்சை ஈட்டி மரம் தண்ணீரில் போட்டால் கல்லு மாதிரி மூழ்கிப்போகும். மிதக்கிற மரத்துக்கும் வழியில் எமன் காத்திருக்கிறான்: சாலக்குடி ஆறு அதிரப்பள்ளியில் எண்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆனையே விழுந்தாலும் தேறாத இடத்தில் மரம் சிதறாமல் என்ன செய்யும்! வண்டிப் பாதைக்கு மலை இடம் கொடுக்கவில்லை.

அப்போது கொச்சியை ஆண்டவர் ராமவர்மா மகாராஜா. ஷோரனூரிலிருந்து எர்ணாகுளம் வரை பெரிய ரயில் 1902-ல் வந்துவிட்டது. அந்த ரயில் போடப் பணம் போதாமல், திருப்பூணித்துறைக் கோயில் யானைகளுக்குக் கட்டும் தங்க நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில் பதினான்கை மகாராஜா விற்றார் என்று அங்கே சொல்வார்கள். நம் ஊரில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்து ஓவர்லாக் மெஷின் வாங்கிப்போட்ட பெண்கள் திருப்பூரில் தெருவுக்குப் பத்துப்பேர் இருக்கிறோமே!

பெரிய ரயில் சாலக்குடி வழியாகப் போகிறது. காட்டு மரத்தைச் சாலக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், அப்புறம் உலகத்துக்கே அனுப்பலாம். அதற்காகத்தான் இந்தக் குட்டி ரயில். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். திருப்பூர் ஸ்டேஷனில் நாம் பார்க்கிற தண்டவாளத்துக்கு 1.676 மீட்டர் அகலம். எஞ்சின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஆனால் எஞ்சின்களுக்கு வேலை சமதளத்தில் மட்டும்தான். மலை நெட்டுக்குத்தாக இறங்குகிற இடங்களில் எந்த எஞ்சினும் ஏறாது. அங்கேதான் நான் முதலில் சொன்ன மாயாஜாலம்.

இரண்டு தீப்பெட்டி, ஒரு நூல் கோன்

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குடம். ஒன்று கனமாக இருந்தால் அது தானாகக் கீழே போகும். காலிக் குடம் தானாக மேலே வரும். சரிவின் உச்சியில் பெரிய உருளை ஒன்று. அதில் சுற்றிய இரும்புக் கம்பிக் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மேலே மரம் ஏற்றிய வண்டிகள், மறு முனையில் கீழே காலி வண்டிகள். மேலே நிற்கிற பாரவண்டியைச் சரிவில் விட்டால் தன் கனத்தாலேயே இறங்கும். இறங்கும்போதே காலி வண்டிகளை மேலே இழுத்துவிடும். நிலக்கரியும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். உருளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் தளர்த்தினால் வண்டி ஓடுகிறது, இறுக்கினால் நிற்கிறது.

குழந்தைகளுக்கு வாயால் சொன்னால் ஏறவில்லை. வீட்டில் செய்து காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன், மழைநாளில் பிள்ளைகளை உட்கார வைக்க நல்ல வேலை. நூல் தீர்ந்துபோன கோன் ஒன்றை ஒரு கரண்டிக் காம்பில் கோத்து இரண்டு நாற்காலிக்கு நடுவே வையுங்கள். அதன் மேல் நாலு முழம் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு காலித் தீப்பெட்டியைக் கட்டுங்கள். ஒரு பெட்டியில் பத்துப் பதினைந்து கடலைப்பருப்பு. பெரிய பிள்ளை கோனை விரலால் அழுத்தினால் அதுதான் பிரேக். எங்கள் பையன் விரலை எடுத்துவிட்டு, பெட்டி 'தொப்'பென்று விழுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். காட்டில் அப்படி விரலை எடுத்தால் டன் கணக்கான தேக்கு பாய்ந்து போயிருக்கும். கீழே ஆள் இருந்தால் என்ன கதி? இந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பிரேக்கைப் பிடித்தவர் யாரோ, அவர் வீட்டில் யார் காத்திருந்தார்களோ!

ரயிலடிக்கு மரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது யானைகள். ரயில் வேலைக்கும் வெட்டு வேலைக்கும் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். காட்டிலேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர், முதுவர் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

காட்டில் குடித்தனம் செய்த தெஹ்மினா

இந்த ரயில் பாதையில் குரியார்குட்டி என்று ஓர் இடம். பறவைகளைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிய சாலிம் அலி, 1933-ல் திருவாங்கூர், கொச்சி ராஜ்யங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது அங்கே தங்கினார். கூடவே அவர் மனைவி தெஹ்மினா. சௌகரியமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண். இங்கே கூடாரம், விறகு அடுப்பு, அட்டைப்பூச்சி! கணவர் பறவைக்குப் பின்னால் காட்டுக்குள் போய்விட்டால் முகாமின் வீட்டு நிர்வாகமெல்லாம் இந்த அம்மாதான். 1939-ல், இன்னும் வயசாகாமலே, காலமாகிவிட்டார். சாலிம் அலியைத் தெரிந்தவர்களில் தெஹ்மினாவைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நம்மில் பல பேர் கதை இதுதான் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இங்கே இரண்டு வரி சேர்த்து எழுதுகிறேன்.

ரயில் நின்றது

எந்த வியாபாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா? தேக்கு என்பது கீரைப் பாத்தி இல்லை, இன்று கிள்ளினால் நாளை துளிர்க்க. நல்ல மரமெல்லாம் முதலில் போயிற்று. பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. ரோடும் லாரியும் வந்தன. கொச்சி ராஜ்யம் போய்க் கேரளம் வந்த பிறகு, நஷ்டத்தில் ஓடிய டிராம்வேயை 1963-ல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

அதே வருஷங்களில்தான் பரம்பிக்குளத்தில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கிற தண்ணீரைக் கிழக்கே வறண்ட கொங்கு நாட்டுக்குத் திருப்புகிற வேலை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பி.ஏ.பி. திட்டம்தான் அது. பரம்பிக்குளம் அணையில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வந்து, சர்க்கார்பதி மின் நிலையத்தில் இறங்கிக் கரண்டு உண்டாக்கிவிட்டு, மலையடிவாரக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அங்கிருந்து நம் வாய்க்கால். உடுமலைப் பக்கத்தில் பல ஊர்களுக்குக் குடிதண்ணீரும் திருமூர்த்தி அணையிலிருந்துதான்.

ஆக, ஐம்பத்தாறு வருஷம் மரம் மேற்கே போன காட்டிலிருந்து, அதற்கப்புறம் தண்ணீர் கிழக்கே வருகிறது. மரம் வெட்டுவது குறைந்து, 1973-ல் வனவிலங்குச் சரணாலயம், 2010-ல் புலிகள் காப்பகம் என்று ஆயிற்று. அங்கே நாம் இன்று பார்க்கிற தேக்கில் பெரும்பகுதி மனிதர் நட்டு வளர்த்தது. ஆனாலும் மரம் மரம்தான். மொட்டை மலையில் மழை பெய்தால் மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்து அணையை மேடாக்கிவிடும். வேர் பிடித்த மண்ணில் பெய்கிற மழைதான் ஊறி ஊறி இறங்கும்.

ஆனைப்பாடி சோதனைச் சாவடியில் வனத்துறை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள். எங்களோடு வந்த வழிகாட்டி காடர் இனத்து இளைஞர், தமிழும் மலையாளமுமாகப் பேசினார். காட்டெருமைக் கூட்டம் ஒன்று, மயில், மான், கருங்குரங்கு என்று பையனுக்குத் தலை சுற்றுகிற அளவு காட்டினார். எங்கள் கண்ணில் தண்டவாளம் படவில்லை. "ரயில் போன வழி இப்ப ஆனை போற வழி" என்றார் அவர். குரியார்குட்டிப் பக்கம் பாலத்தின் மிச்சம் இருக்கிறதாம். அந்தப் பக்கமெல்லாம் அனுமதி வாங்கி நடந்து போகிறவர்களுக்கு; நாலு வயதுப் பிள்ளையோடு போகிற நமக்கு இல்லை.

மகள் கேட்டாள்: "மறுபடியும் அந்த ரயில உடுவாங்களா பாட்டி?"

அத்தை அணையைப் பார்த்துக்கொண்டே, "எதுக்குச் சாமி? அதுக தூங்கட்டும்" என்றார். புலியைச் சொன்னாரா, மரத்தைச் சொன்னாரா, ரயிலைச் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. பரம்பிக்குளம் அணை நிரம்பினால் 72 அடி. அணை இருப்பது கேரளத்தில், நிர்வாகம் நம் தமிழ்நாட்டு நீர்வளத் துறையிடம். அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை தண்ணியும் நம்மூருக்கா வருது?" என்றார். இத்தனையும் அல்ல, மண்டலம் பிரித்து முறை வைத்துத்தான் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "அது எனக்குத் தெரியாதாக்கும்!" என்று அடக்கிவிட்டார்.

கன்னிமாராத் தேக்கை மட்டும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அடிமரத்தின் சுற்றளவு ஏழு மீட்டருக்கு மேல். நாங்கள் பெரியவர்கள் மூன்று பேரும் வழிகாட்டியும் மகளும் கைகோத்து நின்றும் சரியாகச் சுற்ற முடியவில்லை. நானூறு வருஷத்துக்கு மேல் வயசு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரயிலும் கோடாலியும் இருந்த காலத்தில் இந்த மரம் மட்டும் எப்படித் தப்பிற்று? வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் வந்தது, கன்னி என்று கும்பிட்டு விட்டுவிட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் கதை சொல்கிறார்கள். தோட்டத்து மூலையில் ஏழு கல்லை நட்டுக் கன்னிமார் சாமி என்று கும்பிடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

மலைப்பாதை வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள், பூரியும் வடையும் கொடுத்தும் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் ஸீட்டில் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகமும் செல்போனும் கையில் இருந்தால் தலைசுற்றல் கூடும்.

குடிதண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் காட்டுக்குள் கூடாது. டிபன் கட்ட வாழையிலையும் பழைய பனியன் துணியுமே போதும். அது நம் ஊரில் பஞ்சமா? முழுக்கைச் சட்டை, காலுறை அவசியம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பயந்து பிடுங்காதீர்கள், நகத்தால் அதன் வாய்ப் பக்கத்தை மெல்ல நெம்பினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டுதான் இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு சத்தைக் கடிவாயில் விட்டுவிடுகிறது. காட்டிலிருந்து வந்த பத்துப் பதினைந்து நாளுக்குள் பிள்ளைக்கு நல்ல காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். சிவப்பு, மஞ்சள் என்று பளபளக்கிற உடுப்பும், சென்ட்டும் வேண்டாம். சாயங்காலத்துக்கு முன்பே சாவடியை மூடிவிடுவார்கள். அதனால் விடியலிலேயே கிளம்புங்கள். கோடையில் காட்டுத் தீ பயத்தால் சில வாரம் யாரையும் உள்ளே விடுவதில்லை. பொள்ளாச்சி தாண்டுவதற்கு முன் வனத்துறையிடம் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.